கடிகாரம் சேர்த்த நவாப்

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் நண்பர் ஒருவர் இருக்கிறார். நம்மைப் போல் குமாஸ்தாதான். பழைய கைக்கடிகாரங்களைச் சேர்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. எச்.எம்.டி. ஜனதா முதல் பல ரகங்கள் வைத்திருக்கிறார். ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணியில் வைத்துப் படம் எடுத்து, எங்கே, எப்போது, என்ன விலைக்கு வாங்கியது என்று நோட்டில் எழுதி வைக்கிறார். கை இரண்டு, கடிகாரம் நாற்பதா என்று ஆபீசில் கேலி பேசுவார்கள். அவர் காலத்துக்குப் பிறகு இவையெல்லாம் யாருக்கு என்று வீட்டில் கேட்கிறார்கள்.

இதே கேள்வி ஐதராபாத்தில் ஒரு நவாப் விஷயத்திலும் எழுந்தது. அவர்தான் மூன்றாம் சாலார் ஜங் என்று பெயர் பெற்ற மீர் யூசுப் அலி கான்.

23 வயதில் திவான்

1889-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி புனாவில் அவர் பிறந்தார். பாட்டனார் முதலாம் சாலார் ஜங், ஐதராபாத் சமஸ்தானத்தில் முப்பது ஆண்டு திவானாக இருந்தவர். தந்தையும் திவான் பதவி வகித்தவரே. ஆனால் மகன் பிறந்த அதே ஆண்டில் தந்தை காலமாகிவிட்டார்.

1912-ல் நிஜாம் அவரைத் திவானாக நியமித்தார். அப்போது வயது 23. பதவி நீடிக்கவில்லை. 1914-ல் விலகினார். பெரிய ஜாகீர் இருந்தது, வருமானம் இருந்தது. திருமணம் செய்துகொள்ளவில்லை. மீதி 35 ஆண்டுகளையும், கையிலிருந்த பணத்தையும் அரும்பொருள் சேர்ப்பதில் செலவிட்டார்.

தந்தச் சாமான், பீங்கான், ஏட்டுப் பிரதி, ஓவியம், வாள் என்று எதையும் அவர் விட்டு வைக்கவில்லை. வியாபாரிகள் அவரது மாளிகையான திவான் தேவடியைத் தேடி வந்தார்கள். வாங்கியதெல்லாம் அசல் என்று சொல்ல முடியாது. ஐரோப்பிய ஓவியங்களில் நகல்களும் உண்டு.

மணி அடிக்கும் தாடிக்காரர்

கடிகாரங்கள் அவருடைய சேகரிப்பில் தனி இடம் பெற்றவை. பிரான்ஸ், இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஹாலந்து நாடுகளில் செய்தவை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய சிறு கடிகாரமும் உண்டு; ஆள் உயரக் கடிகாரமும் உண்டு.

எல்லாவற்றிலும் புகழ் பெற்றது குக் அண்ட் கெல்வி கம்பெனியிடம் வாங்கிய இசைக் கடிகாரம். மணி ஆனதும் கதவு திறந்து தாடிக்கார பொம்மை ஒன்று வெளியே வரும். எத்தனை மணியோ அத்தனை முறை அடித்துவிட்டு உள்ளே போய்விடும். இன்னொரு பொம்மை கொல்லனைப் போல் சம்மட்டியால் தட்டி விநாடிகளைக் காட்டும்.

நமக்கு இது புதிதல்ல. ஸ்ரீவராகத்திலிருந்து கோட்டைக்குள் நடந்தால், பத்மதீர்த்தத்தின் அருகே மேத்தன்மணி இருக்கிறது. அதுவும் தாடிக்காரர் முகம்தான். மணிக்கு ஒரு முறை வாய் திறக்க, இரண்டு ஆட்டுக்கடாக்கள் கன்னத்தில் வந்து முட்டும்படி செய்யப்பட்டது.

வாரிசு யார்?

1949 மார்ச் 2-ந் தேதி நவாப் காலமானார். பிள்ளை இல்லை. ஆயிரக்கணக்கான பொருள்கள் மாளிகையில் கிடந்தன. பங்கு பிரித்து ஏலம் விட்டிருந்தால் நாலா திசையிலும் சிதறியிருக்கும்.

அப்படி நடக்காமல் காத்ததில் ஒரு மலையாளிக்குப் பங்கு உண்டு. ஐதராபாத் நிர்வாகத் தலைவராக அன்று இருந்த எம்.கே. வெல்லோடி, கலை அறிஞர் ஜேம்ஸ் கசின்ஸை அழைத்துப் பொருள்களை ஒழுங்குபடுத்தச் செய்தார். 1935-ல் நம் திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் ஸ்ரீசித்ரா கலைக்கூடம் அமையத் துணை நின்றவரும் இதே கசின்ஸ்தான்.

1951 டிசம்பர் 16-ந் தேதி பிரதமர் நேரு திவான் தேவடியிலேயே காட்சிசாலையைத் திறந்து வைத்தார். உறவினர்களும் பின்னர் உடன்பாட்டுக்கு வந்து சேகரிப்பை நாட்டுக்கே விட்டுக் கொடுத்தனர். 1961-ல் பார்லிமெண்ட் சட்டத்தால் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிலையமாயிற்று. 1968-ல் மூசி நதிக்கரையில் புதிய கட்டடத்துக்கு மாறியது.

சேர்ப்பது பாதி வேலைதான். எது எது என்று பிரித்து அடையாளம் எழுதி வைப்பது மறு பாதி. நவாப் விட்டுச் சென்ற அந்தப் பாதியைப் பிறர் செய்து முடித்தார்கள். எங்கள் தெரு நண்பரோ இரண்டையும் தாமே செய்கிறார். அவருக்கு நவாபின் ஜாகீர் இல்லை. நோட்டும் படங்களும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து, ஒவ்வொரு கடிகாரத்தின் கதையையும் அவர் பிள்ளைகள் நாளை தெரிந்துகொள்வார்கள்.

சபரி எக்ஸ்பிரசில் செகந்திராபாத் போகும் நம்மவர்கள், ஊர் திரும்புமுன் ஒரு மணி நேரம் ஒதுக்கி அந்தத் தாடிக்காரரைப் பார்த்து வரலாம். மணி ஆவதற்குச் சற்று முன்னதாகவே போய் நிற்பது நல்லது. கூட்டம் இருக்கும்.