முதல் டாட்டூ போடப்போறீங்களா? ஆண்டிபட்டி தாத்தாக்களின் கையைக் கொஞ்சம் பாருங்க!

டிசைனை போன்ல சேவ் பண்ணி வெச்சிருப்பீங்க. எந்த ஸ்டூடியோ, எவ்வளவு ரேட்டுன்னு விசாரிச்சிருப்பீங்க. அதோட சேர்த்து காதோட மேல்பக்கம் ஒரு குத்து, கீழே ரெண்டாவது தோடுக்கு ஒரு குத்துன்னு பிளானும் ரெடியா இருக்கும். வீட்ல மட்டும் இன்னும் சொல்லலை. சரிதானே?

போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை பண்ணுங்க. தேனியிலோ, ஆண்டிபட்டியிலோ, போடியிலோ, கம்பத்திலோ காலையில் டீக்கடைப் பக்கம் போய் நில்லுங்க. எழுபதைத் தாண்டிய பெரியவர்கள் டம்ளரைத் தூக்கும்போது முன்கையைக் கவனியுங்க. எல்லாரிடமும் இருக்காது. ஆனால், யாராவது ஒருவர் கையில் பச்சையும் நீலமுமாக மங்கிப்போய், தோல் சுருக்கத்தோடு சுருங்கிப்போய், ரெண்டு இலை தெரியலாம். அந்த இலைக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கை இருக்கிறது. உங்க முதல் டாட்டூவுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டிய வாழ்க்கை அது. எம்.ஜி.ஆரின் வாழ்க்கை.

காது குத்தினது யார் முடிவு?

யோசிச்சுப் பாருங்க, உங்க உடம்பில் முதல் ஓட்டை எப்பவோ போட்டாச்சு. குலதெய்வம் கோயிலில் மொட்டை அடிச்சு, தாய்மாமன் மடியில் உட்காரவெச்சு, ஆசாரி காதில் கம்பியை ஏத்தியிருப்பார். நீங்க வீறிட்டு அழ, ஒரு பக்கம் மொய் எழுத, இன்னொரு பக்கம் கெடா வெட்டுச் சாப்பாடு நடந்திருக்கும். உங்களை யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. பச்சை குத்துவதும் இந்த மண்ணுக்குப் புதுசு இல்லை. அப்பத்தா காலத்தில் குறவர் இனப் பெண்கள் ஊர் ஊராக வந்து, ஊசியால் குத்தி, கையில் கோலமும் பெயரும் வரைந்துவிட்டுப் போவார்கள். தண்டட்டி தொங்கும் வளர்த்த காதும், பச்சை குத்திய முன்கையும் அன்றைய பெண்களின் அடையாளம்.

காது குத்து குடும்பத்தின் முடிவு. பச்சை குத்து ஊரின் வழக்கம். அதே பச்சை ஒரு கட்சியின் அடையாளமாக மாறியது எம்.ஜி.ஆர் காலத்தில்.

பசியிலிருந்து ஒரு நாயகன்

1917 ஜனவரி 17. இலங்கையில் கண்டிக்குப் பக்கத்தில் உள்ள நாவலப்பிட்டியில் மருதூர் கோபாலன் ராமச்சந்திரன் பிறக்கிறார். நினைவு தெரிவதற்கு முன்பே அப்பா இறந்துவிட, அம்மா சத்யபாமா பிள்ளைகளோடு கும்பகோணம் வந்து சேர்கிறார். வீட்டில் சாப்பாட்டுக்கே கஷ்டம். படிப்பு பாதியில் நின்றது. அண்ணன் சக்கரபாணியோடு தம்பியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடக கம்பெனியில் சேர்ந்தார். நடிப்பு ஆசையைவிட, அங்கே வேளைக்குச் சோறு கிடைக்கும் என்பதுதான் பெரிய காரணம்.

1936-ல் வந்த `சதி லீலாவதி'யில் சின்ன வேடம். கதாநாயகனாக `ராஜகுமாரி' வர 1947 ஆனது. அதாவது, 30 வயதில்தான் அவர் ஹீரோ. நடுவில் 11 வருடங்கள் துணை வேடங்களிலேயே போயின. 22 வயதில் வாழ்க்கை முடிஞ்சுபோச்சுன்னு ஸ்டேட்டஸ் போடுறவங்க இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

அதன் பிறகு நடந்தது உங்க தாத்தாவுக்கே மனப்பாடம். `மந்திரி குமாரி', `மலைக்கள்ளன்', `மதுரை வீரன்' என்று வரிசையாக வந்தன. 1958-ல் தானே தயாரித்து, இயக்கி, இரண்டு வேடங்களிலும் நடித்த `நாடோடி மன்னன்' வந்தது. திரையில் அவர் குடிக்க மாட்டார், புகைபிடிக்க மாட்டார், ஏழைக்காக அடிப்பார். இதற்கிடையே 1953-ல் தி.மு.க-வில் சேர்ந்துவிட்டார். தியேட்டரில் விசிலடித்தவர்கள் அப்படியே கட்சிக் கூட்டத்துக்கும் வந்தார்கள்.

குண்டு பாய்ந்த கழுத்து

1967 ஜனவரி 12. ராமாபுரம் தோட்டத்து வீட்டுக்கு வந்த நடிகர் எம்.ஆர்.ராதா, எம்.ஜி.ஆரைச் சுட்டார். குண்டு இடது காதையொட்டிக் கழுத்தில் பாய்ந்தது. அடுத்த மாதம் தேர்தல். கழுத்தில் கட்டுப்போட்டு மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் அவரது படம் போஸ்டராக ஊரெங்கும் ஒட்டப்பட்டது. பிரசாரத்துக்கே போகாமல் பரங்கிமலையில் ஜெயித்தார். தி.மு.க முதன்முறையாக ஆட்சியைப் பிடித்தது.

உயிர் தப்பினார், குரல் தப்பவில்லை. பேச்சு குழறியது, பழைய கணீர்க் குரல் திரும்பவேயில்லை. ஒரு நடிகருக்கு இதைவிடப் பெரிய இழப்பு என்ன இருக்க முடியும்? ஆனால் வேறொருவரை டப்பிங் பேசவைத்து மறைக்காமல், மாறிப்போன அதே குரலில் பேசி நடித்தார். ரசிகர்கள் அந்தக் குரலையும் ஏற்றுக்கொண்டார்கள். தழும்பைப் பார்த்தால் ஜனங்கள் விலகுவார்கள் என்று நினைப்போம். அவர் விஷயத்தில் இன்னும் நெருங்கித்தான் வந்தார்கள்.

முன்கையில் ஒரு கட்சி

அண்ணா மறைந்தபின் கருணாநிதி முதல்வர், எம்.ஜி.ஆர் கட்சிப் பொருளாளர். இருவருக்கும் இடையே விரிசல் வளர்ந்தது. கட்சிக்காரர்கள் சொத்துக் கணக்கு காட்ட வேண்டும் என்று எம்.ஜி.ஆர் பொதுக்கூட்டத்தில் கேட்க, 1972 அக்டோபரில் அவர் நீக்கப்பட்டார். அக்டோபர் 17-ம் தேதி அ.தி.மு.க பிறந்தது. ஏழே மாதத்தில், 1973 மே மாதம், பக்கத்து திண்டுக்கல்லில் மக்களவை இடைத்தேர்தல். வேட்பாளர் மாயத்தேவர், சின்னம் இரட்டை இலை. வெற்றி! நம்ம பக்கத்து மண்ணில்தான் அந்த இலை முதன்முதலில் துளிர்த்தது.

கட்சி வளர வளர, ஆட்கள் அணி மாறிவிடுவார்களோ என்ற கவலையும் வளர்ந்தது. 1970-களின் நடுவில் எம்.ஜி.ஆர் ஒரு வேண்டுகோள் வைத்தார். கட்சிக்காரர்கள் கட்சியின் அடையாளத்தைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும். கரை வேட்டியை மாற்றிக் கட்டலாம், துண்டை மாற்றிப் போடலாம், தோலை என்ன செய்வது? பகுத்தறிவு பேசிய இயக்கத்திலிருந்து வந்தவர்களிடம் உடம்பில் குறி வைக்கச் சொல்வதா என்று கட்சிக்குள்ளேயே எதிர்ப்பும் கிளம்பியது. ஆனால் தொண்டர்களில் பலர் யோசிக்கவில்லை. அவர்களைத் தன் ரத்தத்தின் ரத்தம் என்று அழைத்தவருக்காகக் கையை நீட்டினார்கள்.

நீங்க அவங்களை முட்டாள்கள்னு நினைச்சுடாதீங்க. அவங்களுக்கும் அப்போ உங்க வயசுதான். அவங்க பக்கமிருந்து பார்த்தால் அது அடிமைக்குறி இல்லை, சொந்தம்.

ஆண்டிபட்டிக்கு வராமலே ஆண்டிபட்டியில் ஜெயித்தவர்

1977-ல் முதல்வரானார். 1980-ல் ஆட்சி கலைக்கப்பட்டு, சில மாதங்களிலேயே மீண்டும் ஜெயித்து வந்தார். 1982 ஜூலை 1-ல் தொடங்கியது சத்துணவுத் திட்டம். சோறு கிடைக்கும் என்று நாடக கம்பெனிக்குப் போன பையன், பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளுக்குச் சோறு போட்டார். உங்க அப்பாவோ அம்மாவோ அந்த வரிசையில் தட்டோடு நின்றிருக்கலாம். கேட்டுப்பாருங்க.

எல்லாமே பாராட்டு இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் அவரை நினைத்தால் இன்னொரு விஷயமும் சேர்ந்தே வரும். முல்லைப் பெரியாறு அணையின் பாதுகாப்பு குறித்து கேரளத்தில் அச்சம் எழுந்தபோது, பலப்படுத்தும் பணிகளுக்காக 1979-ல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முன் 152 அடி. அப்போது தமிழகத்தின் முதல்வர் எம்.ஜி.ஆர். பணி முடிந்தும் பழைய அளவு திரும்பவில்லை. 2014-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகுதான் 142 அடி சாத்தியமானது. இலையைப் பச்சை குத்திக்கொண்ட விவசாயி, அதே கையால்தான் தண்ணீர் குறைந்த வாய்க்காலையும் திறந்துவிட்டார். ஒருவரின் அடையாளத்தை உடம்பில் எழுதிக்கொண்டால், அவர் செய்த நல்லதை மட்டும் தனியாகப் பிரித்து எழுதிக்கொள்ள முடியாது.

1984 அக்டோபரில் உடல்நிலை மோசமாகி அப்போலோவில் சேர்க்கப்பட்டார். நவம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே சிறுநீரக மாற்று சிகிச்சை நடந்தது. சிறுநீரகம் கொடுத்தவர் அண்ணன் மகள் லீலாவதி. அந்த நிலையில், அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்த ஆண்டிபட்டி தொகுதியில் அவர் வேட்பாளர். தொகுதிக்கு ஒரு நாள்கூட வரவில்லை. மருத்துவமனையில் அவர் இருக்கும் காட்சிகளைப் படமாக்கி ஊர் ஊராகத் திரையிட்டார்கள். உயிரோடுதான் இருக்கிறார் என்று பார்த்ததே போதுமானதாக இருந்தது. 1984 டிசம்பர் 24-ல் வாக்குப்பதிவு. 30 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் ஆண்டிபட்டி அவரை ஜெயிக்கவைத்தது.

சரியாக மூன்று வருடங்கள் கழித்து, அதே டிசம்பர் 24-ல், 1987-ல் அவர் இறந்தார். துக்கம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. அந்த அன்பை மதிக்கலாம், அந்த முடிவை மதிக்க முடியாது. மறு வருடம் அவருக்கு பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது.

சின்னம் போனது, பச்சை போகவில்லை

இனிதான் அந்தத் தாத்தாவின் கையை மறுபடியும் பார்க்க வேண்டும். தலைவர் போனதும் கட்சி இரண்டாக உடைந்தது. ஒரு பக்கம் மனைவி வி.என்.ஜானகி, இன்னொரு பக்கம் ஜெயலலிதா. இரட்டை இலை முடக்கப்பட்டது. 1989 ஜனவரி தேர்தலில் ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். இதன் க்ளைமாக்ஸ் நம்ம ஊரில்தான். கணவரை ஜெயிக்கவைத்த ஆண்டிபட்டியில் ஜானகி நின்றார், தோற்றார். பக்கத்து போடிநாயக்கனூரில் ஜெயலலிதா நின்றார், ஜெயித்தார்.

அந்தத் தேர்தல் நாளில் வாக்குச்சாவடிக்குப் போனவரை நினைச்சுப்பாருங்க. வாக்குச்சீட்டில் புறா இருக்கிறது, சேவல் இருக்கிறது. இலை அவர் கையில் மட்டும்தான் இருக்கிறது. எது உண்மையான கட்சி என்று பச்சை சொல்லவில்லை. அவரேதான் முடிவு பண்ண வேண்டியிருந்தது. பிறகு அணிகள் இணைந்து இலை திரும்ப வந்தது. 2017-ல் மறுபடியும் முடக்கப்பட்டு, மறுபடியும் வந்தது. அப்போது ஒரு அணிக்குத் தலைமை தாங்கியவர் பெரியகுளத்து ஓ.பன்னீர்செல்வம். இத்தனைக்கும் நடுவில் அந்த முன்கை மட்டும் அசையவில்லை.

உடம்பு அதை விடாது என்பதுதான் விஷயம். நம்ம மேல்தோல் சில வாரங்களில் உதிர்ந்து புதுசாகிவிடும். டாட்டூ மை அதற்குக் கீழே உள்ள தோலில் போய் உட்காரும். நோய் எதிர்ப்பு செல்கள் அதை விழுங்கிவைத்துக்கொள்ளும். அவை செத்தால் அடுத்த செல்கள் அதே மையை வாங்கிக்கொள்ளும். வருடங்கள் ஓட, கோடு பரவி மங்கும், அழியாது. லேசரில் எடுக்கலாம்தான். ஆனால் பல அமர்வுகள், போட்டதைவிடப் பல மடங்கு செலவு, வலியும் உண்டு.

அப்போ, போடலாமா வேண்டாமா?

தாராளமா போடுங்க. சிலதை மட்டும் பார்த்துக்கோங்க. ராணுவத்தில் சேரும் கனவு இருந்தால் இடத்தை யோசிச்சுத் தேர்வு செய்யுங்க. முன்கையின் உள்பக்கம், புறங்கை தவிர மற்ற இடங்களில் நிரந்தர டாட்டூ இருந்தால் தேர்வில் சிக்கல் வரும். கண்ணெதிரே பிரிக்கப்பட்ட புது ஊசியா என்று பாருங்க. டாட்டூவோ காது குத்தோ, அதன் பிறகு ஒரு வருடம் ரத்ததானம் செய்ய முடியாது. காது மடலின் கீழ்ப்பகுதி ஒன்றரை, இரண்டு மாதத்தில் ஆறிவிடும். மேல்பக்கக் குருத்தெலும்பு ஆற ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம்கூட ஆகலாம். சீழ் வெச்சா வீட்டு வைத்தியம் பார்க்காம டாக்டரிடம் போயிடுங்க.

பெயரோ, முகமோ, சின்னமோ போடப்போறீங்கன்னா கூடுதலா ஒரு கேள்வி. காதலியோ, ஹீரோவோ, தலைவரோ, நாளைக்கு அவங்க மாறலாம். அவங்க மாறினா, உங்க கையில் இருப்பதைப் பார்த்து உங்களால சிரிக்க முடியுமா? முடியும்னா தைரியமா கையை நீட்டுங்க.

போட்டதும் வீட்ல மறைக்க முழுக்கைச் சட்டை தேடாதீங்க. முதல்ல தாத்தாகிட்ட காட்டுங்க. கொஞ்சம் திட்டுவார். அப்புறம் அவரே சட்டைக் கையை மடிச்சுவிட்டு, எந்த ஊர்த் திருவிழாவில், எந்த வருஷம், எவ்வளவு வலிச்சதுன்னு ஆரம்பிப்பார். உட்கார்ந்து கேளுங்க.