கல் சுமந்த பிள்ளைகளின் தந்தை



விடுமுறை நாட்களில் நம் இளைஞர்கள் ஏழை ஊர்களுக்குச் சென்று, கொத்தனாருக்குச் சாந்து எடுத்துக் கொடுத்து, சுவர் எழுப்ப உதவி, மாலையில் அவ்வூர்ப் பிள்ளைகளோடு பந்து விளையாடித் திரும்புவது உண்டு. சுவர் எழுப்புவது சேவைதான். விளையாட்டும் சேவையாகுமா என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். அதற்கு விடையாக ஒரு புனிதரின் வாழ்வையே இந்த யூபிலி மலரில் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

யோவான் போஸ்கோ 1815 ஆகஸ்டு 16-ஆம் நாள் வட இத்தாலியில் பெக்கி என்னும் சிற்றூரில், ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன் தந்தையை இழந்தார். தாய் மார்கரீத்தாவே அவரை வளர்த்தார். சந்தைக்கு வந்த கழைக்கூத்தாடிகளைப் பார்த்துக் கயிற்றின் மேல் நடக்கக் கற்ற சிறுவன், ஊராருக்கு வித்தை காட்டுவான். அதற்குக் கட்டணம் காசு அல்ல. எல்லாரும் அவனோடு செபமாலை சொல்லவேண்டும், கோவிலில் கேட்ட பிரசங்கத்தை அவன் திரும்பச் சொல்லக் கேட்கவேண்டும்.

1841 ஜூன் 5-ஆம் நாள் குருவானார். அது துரின் நகரம் விரிந்து வளர்ந்துகொண்டிருந்த காலம். கட்டட வேலைக்காகக் கிராமங்களிலிருந்து சிறுவர்கள் வந்து குவிந்தார்கள். அவ்வாண்டு டிசம்பர் 8, அமல உற்பவ மாதா திருநாளன்று, கோவில் சக்கிறீஸ்தில் ஒரு பையன் நின்றிருந்தான். பூசைக்கு உதவத் தெரியாததால் கோவில் பணியாளர் அவனை அடித்து விரட்டினார். தொன் போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்தார். பெயர் பர்த்தொலொமேயு கரெல்லி, வயது 16, தாய் தந்தை இல்லை, கொத்து வேலைக்காரன். எழுதப் படிக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்றெல்லாம் கேட்டுவிட்டு, சீழ்க்கை அடிக்கத் தெரியுமா என்று கேட்டதும் பையன் சிரித்துவிட்டான். ஓர் அருள்நிறை மந்திரத்தோடு அன்றே ஞானோபதேசம் தொடங்கிற்று. அடுத்த வாரங்களில் அவன் தோழர்களும் வந்தார்கள்.

பிள்ளைகள் பெருகியதும் தொல்லையும் பெருகிற்று. கூச்சல் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் முறையிட, இடம் விட்டு இடம் அலைந்தார்கள். அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று எண்ணி, உடன் குருக்களே அவரை மனநோய் மருத்துவமனைக்கு அனுப்ப முயன்றதும் உண்டு. 1846-இல் பினார்தி என்பவர் ஒரு தாழ்ந்த கொட்டகையை வாடகைக்குக் கொடுத்தார். நிமிர்ந்து நிற்க உயரம் போதாததால் தரையை அரை மீட்டர் தோண்டி ஆழமாக்கினார்கள். அவ்வாண்டு ஏப்ரல் 12, உயிர்ப்புத் திருநாளன்று, அதுவே அவர்களுக்குக் கோவிலாயிற்று. கோவிலோடு பிள்ளைகள் ஓடியாட நிலமும் வேண்டும் என்று கேட்டுப் பெற்றிருந்தார்.

அந்தக் கோடையில் தொன் போஸ்கோ நோயுற்று மரணப் படுக்கையில் கிடந்தார். கொத்து வேலைச் சிறுவர்கள் ஜூலை வெயிலில் கல் சுமந்துகொண்டே உபவாசமிருந்து அவருக்காக மன்றாடினார்கள். தங்களோடு விளையாடிய குரு அல்லவா! அவர் பிழைத்தார், தம் எஞ்சிய வாழ்நாள் அப்பிள்ளைகளுக்கே உரியது என்று தீர்மானித்தார்.

1847 மே மாதம் மழையில் நனைந்து வந்த ஓர் அனாதைச் சிறுவன் கதவைத் தட்டினான். அவனும் கொத்து வேலை தேடி வந்தவன்தான். தாய் மார்கரீத்தா வெளியே கிடந்த செங்கற்களைப் பொறுக்கிவந்து, சமையலறையில் நான்கு சிறு தூண்களாக அடுக்கி, மேலே பலகை போட்டுப் படுக்கை விரித்தார். பெரிய கட்டடங்கள் பின்னால் வந்தன. முதலில் அடுக்கிய கற்கள் ஒரு பிள்ளை தூங்குவதற்காக!

பிறகு வேலை பழகும் பையன்களுக்காக முதலாளிகளோடு ஒப்பந்தம் எழுதினார். அடிக்கக்கூடாது, ஞாயிறு ஓய்வு வேண்டும், கூலி தரவேண்டும் என்பன அதில் அடங்கும். 1852 டிசம்பரில் எழும்பிக்கொண்டிருந்த விடுதிக் கட்டடம் இரவில் இடிந்து விழுந்தது, மீண்டும் கட்டினார். சகாய அன்னையின் பேராலயம் தொடங்கியபோது மேஸ்திரியிடம் பணப்பையைக் கவிழ்த்தார். விழுந்தவை சில செப்புக்காசுகளே. 1868-இல் ஆலயம் அபிஷேகம் பெற்றது.

1859-இல் சலேசிய சபை உருவாயிற்று. 1875-இல் பத்துப் பேர் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறினர். 1888 ஜனவரி 31-ஆம் நாள் தொன் போஸ்கோ இறைவனடி சேர்ந்தார். 1906 ஜனவரியில் மயிலை ஆயரின் அழைப்பை ஏற்று, தொமாத்திஸ் சுவாமியார் தலைமையில் அவர் மக்கள் தஞ்சைக்கு வந்து, ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லத்தைப் பொறுப்பேற்றனர். 1934 ஏப்ரல் 1-ஆம் நாள் திருச்சபை அவரைப் புனிதராக்கியது.

பங்கு மக்களே! உப்பளங்கள் நிறைந்திருந்த நம் கேளம்பாக்கத்தைச் சுற்றி இன்று மாடிக் கட்டடங்கள் எழும்புகின்றன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் கல் சுமக்கிறார்கள். அவர்களின் குழந்தைகள் மணல் மேட்டில் விளையாடுகிறார்கள். அவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? எனக்கும் தெரியாது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

தூர ஊர்களுக்குச் செல்லும் இளைஞர்கள் செல்லட்டும், சுவரும் எழுப்பட்டும். ஆனால் யூபிலி ஆண்டு முடியுமுன், ஞாயிறு மாலைகளில் நம் கோவில் முற்றத்தை இந்தப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவோம். பந்து வாங்கித் தரும் செலவு என்னுடையது. ஓடியாட இளைஞர்கள் வாருங்கள்; பலகாரம் செய்து தரத் தாய்மார்கள் முன்வாருங்கள். கூச்சல் கேட்டால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புனித தொன் போஸ்கோவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

ஆண்டவரில் அன்புடன்,
உங்கள் பங்குத் தந்தை