கடிகாரக்காரர் செய்த துப்பாக்கி

என்.சி.சி. பசங்களுக்கு 303 ரைபிளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அதன் போல்ட்டும் மேகசினும் ஒரு கடிகாரத் தொழிலாளியின் மூளையில் உதித்தவை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர்தான் ஜேம்ஸ் பாரிஸ் லீ. 1831-இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, சின்ன வயதிலேயே பெற்றோருடன் கனடா போனவர். அப்பாவிடம் கடிகாரத் தொழில் கற்றார். பிறகு அமெரிக்காவில் குடியேறித் துப்பாக்கி செய்ய ஆரம்பித்தார். 1865-இல் அமெரிக்க ராணுவம் 1,000 கார்பைன்களுக்கு ஆர்டர் தந்தது. ஆனால் அவர் செய்த காலிபர் ஒன்று, ராணுவம் கேட்டது வேறு! சரக்கு நிராகரிக்கப்பட்டது.

மனுஷன் ஓய்ந்துவிடவில்லை. போல்ட்டுக்குக் கீழே தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஸ்பிரிங்கால் மேலே தள்ளும் பெட்டி மேகசினுக்கு 1879-இல் பேடன்ட் வாங்கினார். 1888-இல் பிரிட்டிஷ் ராணுவம் அவருடைய போல்ட், மேகசினை ஏற்றது. 1895-இல் லீ என்ஃபீல்டு வந்தது. 1904-இல் லீ காலமானார்.

கதை அதோடு முடியவில்லை. 1944-இல் அதே போல்ட்டை வைத்து ஜங்கிள் கார்பைன் வந்தது. சுமார் 4 கிலோ ரைபிளை 3.2 கிலோவாக்கினார்கள். 25 அங்குலக் குழாய் 19 அங்குலத்துக்கும் கீழே போனது. ஜவ்வாது மலையில் சுமையோடு ஏறியவர்களிடம் கேளுங்கள், முக்கால் கிலோ சும்மாவா என்று!

ஆனால் எடையைக் குறைத்தால் உதை கூடும். அதனால் கட்டையின் முனையில் ரப்பர் வைத்தார்கள். குழாய் குட்டையானதால் தீப்பொறி கண்ணைப் பறித்தது. அதை மறைக்க முனையில் புனல் மாதிரி ஒன்றை மாட்டினார்கள். இத்தனை செய்தும், சரிசெய்து வைத்த குறி நிலையாக நிற்கவில்லை என்று புகார் வந்தது. எடைக்காக உலோகத்தைச் சுரண்டியதில் விறைப்பு போய்விட்டது என்றார்கள் பலர். 1947-இல் தயாரிப்பு நின்றது.

முழு எடை ரைபிளோ நிலைத்தது. உத்தரப்பிரதேச போலீஸ் 303-க்கு விடை கொடுத்ததே 2020-இல்தான்.

லீயை ஆரம்பத்தில் கவிழ்த்ததும் அளவு. அவர் போல்ட்டில் பிறந்த கார்பைனைக் கவிழ்த்ததும் அளவு. ஒர்க்‌ஷாப்பில் லேத் முன்னால் நிற்கும்போது, இன்னும் ஒரு கட் எடுக்கலாமா என்று கை துறுதுறுக்கும். அப்போது டிராயிங்கை இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள், நண்பர்களே!