களிமண்ணில் முகங்களை வடித்த சாங் மிங்ஷான்

சீனாவின் வடபகுதியில் உள்ள துறைமுக நகரான தியன்ஜினில் 1826 ஆம் ஆண்டு பிறந்த சாங் மிங்ஷான், மக்கள் சூட்டிய 'நீரென் சாங்' என்ற பட்டப்பெயராலேயே பெரிதும் அறியப்படுகிறார். களிமண் பொம்மைச் சாங் என்பது அதன் பொருள். அவர் இறந்து நூறாண்டுகளுக்குப் பின்னரும் அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்று சீன நீதிமன்றங்களில் வழக்கு நடைபெற்றது.

சாங்கின் குடும்பம் தென்கிழக்கே ஷாவோஷிங் பகுதியிலிருந்து தியன்ஜினுக்குக் குடிபெயர்ந்தது. தந்தை களிமண் விளையாட்டுப் பொம்மைகள் செய்து விற்று வாழ்ந்தவர். சீனாவில் அக்காலத்தில் இத்தகைய பொம்மைகள் திருவிழாக் கடைகளில் குழந்தைகளுக்காக விற்கப்பட்ட மலிவுப் பொருட்களே. தெற்கே வூஷி நகரின் ஹுயிஷான் பொம்மைகளில் பெரும்பாலானவை அச்சில் வார்க்கப்பட்டன. ஒரே முகம் மீண்டும் மீண்டும் வரும். சாங்கோ, உயிருள்ள ஒரு மனிதரின் முகத்தை அப்படியே மண்ணில் கொண்டுவர முயன்றார். கைவினைக்கும் கலைக்கும் இடையிலான எல்லையை அவர் கடந்தது இங்கேதான் எனலாம்.

1844 ஆம் ஆண்டு, அவருக்குப் பதினெட்டு வயது இருக்கும்போது, பீக்கிங் இசை நாடகத்தின் முன்னோடி நடிகர்களில் ஒருவரான யூ சான்ஷெங் தியன்ஜினுக்கு வந்தார். நாடகத்தைப் பார்த்துக்கொண்டே சாங் தமது அகன்ற சட்டைக் கைக்குள் மண்ணைப் பிசைந்து நடிகரின் உருவத்தை வடித்தாராம். மேடையைப் பார்ப்பது கண், வேலை செய்வது விரல் நுனி. அந்தச் சிலை அவரை நகரமறிந்தவராக்கியது.

செல்வந்தர்களுக்கு அவர் பணிந்துபோகவில்லை என்பதற்குச் சான்றாக ஒரு கதை வழங்குகிறது. எழுத்தாளர் ஃபெங் ஜீத்சாய் அதைச் சிறுகதையாக்கியுள்ளார். உணவகம் ஒன்றில், ஹாய் சாங்வூ என்று அழைக்கப்பட்ட உப்பு வணிகர் சாங்கைக் கேலி செய்கிறார். சாங் தமது காலணியின் அடியில் ஒட்டியிருந்த சேற்றை எடுத்து அவரது தலையைச் செய்து மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். மறுநாள் கடைத்தெருவில் அவ்வணிகரின் உருவங்கள் வரிசையாக மலிவு விலைக்கு விற்கப்படுகின்றன. இறுதியில் வணிகரே ஆள் அனுப்பி, அச்சையும் சேர்த்து எல்லாவற்றையும் விலைக்கு வாங்க வேண்டியதாகிறது. இது அப்படியே நடந்ததா என்பது வேறு விடயம். தியன்ஜின் மக்கள் தமது கலைஞரை எவ்வாறு நினைவுகூர விரும்பினர் என்பதை இது காட்டுகிறது.

அவரது தொழில்முறை பொறுமையைக் கோரியது. நகரின் மேற்குப் புறத்திலிருந்து எடுத்த மண்ணை நீரில் கரைத்து, வடிகட்டி, பஞ்சு கலந்து அடித்துப் பிசைந்து, நீண்ட காலம் பதப்படுத்தி வைப்பார்கள். பஞ்சு இருப்பதால், உலரும்போது வெடிப்பு விழுவது குறையும். வடித்த உருவத்தை மெல்ல உலர்த்தி, பின்னர் வண்ணம் தீட்டுவார்கள்.

சாங் வாழ்ந்த காலம் தியன்ஜினுக்குக் கொந்தளிப்பான காலம். 1858 இல் அந்நகரின் பெயரால் ஒப்பந்தங்கள் திணிக்கப்பட்டன. 1860 இல் அது வெளிநாட்டினருக்குத் திறந்துவிடப்பட்டது. 1900 இல் எட்டு நாடுகளின் படைகள் அதனைக் கைப்பற்றின. இத்தனைக்கும் நடுவே அவர் செம்மாடக் கனவு போன்ற நாவல்களின் பாத்திரங்களையும் தம் ஊர்க்காரர்களையும் வடித்துக்கொண்டிருந்தார். நான்காய் பல்கலைக்கழகத்தை நிறுவியவர்களில் ஒருவரான யான் ஷியூவின் குடும்பத்து மூத்தவர்களும் அவர்களில் அடங்குவர். 1906 இல் அவர் காலமானார்.

1930களின் தொடக்கத்தில் ஓவியர் ஷூ பெய்ஹோங் இச்சிலைகளைக் கண்டு வியந்து கட்டுரை எழுதினார். ஐரோப்பாவில் பயின்ற ஓவியர் ஒருவரின் அங்கீகாரம், தெருக்கலை எனக் கருதப்பட்டதற்கு அறிவுலகில் இடம் தேடித் தந்தது. மகன் சாங் யூதிங், பேரன் சாங் ஜிங்கூ ஆகியோர் தொழிலைத் தொடர்ந்தனர். 1949 க்குப் பின்னர் அரசு இக்கலையை ஆதரித்து, தியன்ஜினில் தனிப் பணிக்கூடம் ஒன்றை அமைத்தது. குடும்பத்துக்கு வெளியே இருந்தவர்களும் அங்கே பயின்றனர். கலை பிழைத்தது, ஆனால் பெயர் பொதுச் சொத்தானது.

1990களில் குடும்பத்தினரும் அரசுப் பணிக்கூடமும் நீதிமன்றத்தில் மோதினர். இரு தரப்பும் பெயரைப் பயன்படுத்தலாம் என முடிவானது. பின்னர் பெய்ஜிங்கில் வேறொரு சாங் குடும்பத்தினர் அதே பட்டப்பெயரில் தொழில் நடத்தியதை எதிர்த்து வழக்கு எழுந்தது. கீழ் நீதிமன்றங்கள் மாறுபட்ட தீர்ப்புகளை அளித்த நிலையில், 2012 இல் சீன உச்ச நீதிமன்றம் தியன்ஜின் குடும்பத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.