தவளையின் காலும் வோல்ட்டாவின் தட்டுகளும்

டார்ச் விளக்கைத் திருகித் திறந்தால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு செல்லின் மேலும் 1.5 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதை நம் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். வோல்ட் என்பது ஒரு கத்தோலிக்க விஞ்ஞானியின் பெயரிலிருந்து வந்த சொல்.

அலெஸ்ஸாந்த்ரோ வோல்ட்டா இத்தாலியில் கோமோ என்ற ஏரிக்கரைப் பட்டணத்தில் 1745-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி பிறந்தார். தகப்பனார் வாலிபத்தில் சேசு சபையில் இருந்து, பின்பு விலகி இல்லறம் ஏற்றவர். குடும்பத்தில் குருக்களும் கன்னியரும் பலர். பிள்ளையோ நான்கு வயதுவரை பேசவே இல்லையாம்! அந்தப் பிள்ளைதான் 1778-ல் பவியா சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியராய் அமர்ந்தார்.

அக்காலத்தில் பொலோஞா நகரில் கல்வானி என்னும் உடற்கூறு ஆசிரியர் இருந்தார். செத்த தவளையின் காலை உலோகங்களால் தொட்டபோது, அது உயிருள்ளதுபோல் துடித்தது. பிராணியின் உடலிலேயே மின்சாரம் இருக்கிறதென்று 1791-ல் அவர் எழுதினார். வோல்ட்டா முதலில் அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் சோதிக்கச் சோதிக்கச் சந்தேகம் பிறந்தது. வெவ்வேறான இரண்டு உலோகங்கள் சேரும்போதுதானே துடிப்பு பலமாயிருக்கிறது? தம் நாக்கையே தவளையாக்கி, அதன்மேல் இரு உலோகங்களை வைத்து, அவற்றின் மறு முனைகளை ஒன்றோடொன்று தொடச் செய்தார். உடனே வாயில் ஒரு புளிப்புச் சுவை தட்டியது.

அப்படியானால் தவளை எதற்கு? வெள்ளித் தட்டு, துத்தநாகத் தட்டு, உப்புநீரில் ஊறிய அட்டை, மறுபடியும் வெள்ளி, துத்தநாகம், அட்டை என்று தோசை அடுக்குவதுபோல் அடுக்கினார். அடியையும் உச்சியையும் கம்பியால் இணைத்தபோது மின்சாரம் நிற்காமல் ஓடியது. 1800 மார்ச் 20-ந் தேதி லண்டன் ராயல் சங்கத் தலைவருக்கு இதை எழுதி அனுப்பினார். அவ்வாண்டே நிக்கல்சன், கார்லைல் என்னும் இரு ஆங்கிலேயர் அத்தகைய அடுக்கின் கம்பிகளை நீரில் இட்டபோது, நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்தது. மின்சாரம் இரசாயன மாற்றத்தை உண்டாக்குகிறது என்று தெளிவாயிற்று.

இதன் மறுபக்கத்தை வோல்ட்டா காணவில்லை. உலோகங்கள் தொட்டுக்கொண்டால் போதும், மின்சாரம் பிறக்கும், உப்புநீர் வெறும் வழி என்றே நம்பினார். உண்மை வேறு. துத்தநாகம் கொஞ்சம் கொஞ்சமாய் அரிக்கப்பட்டுக் கரைகிறது. கரையும்போது எலக்ட்ரான்களை விட்டுவிடுகிறது. அவை கம்பி வழியே மறு உலோகத்துக்கு ஓடி, அங்கே ஈரத்தோடு நடக்கும் மாற்றத்தில் செலவாகின்றன. அந்த ஓட்டமே மின்சாரம். தொடுதலே போதுமானால் செல் ஒருபோதும் தீர்ந்துபோகாதே! மழைக்கால இரவில் டார்ச் மங்கும்போது, உள்ளே இரசாயனம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கல்வானியும் முழுதும் தவறியவர் அல்ல. நரம்புக்கும் தசைக்கும் சொந்த மின்சாரம் உண்டு. இன்று ஆஸ்பத்திரியில் இருதயத்துக்கு எடுக்கும் ஈ.சி.ஜி. அதைத்தான் வரைகிறது. பாவம், புது அரசாங்கத்துக்குச் சத்தியம் செய்ய மறுத்ததால் உத்தியோகம் இழந்து, அடுக்கைக் காணாமலே 1798-ல் இறந்தார்.

வோல்ட்டாவுக்கோ நெப்போலியன் 1801-ல் பொற்பதக்கம் அளித்தான். 1810-ல் பிரபுப் பட்டமும் தந்தான். அந்தப் பிரபு கோமோவில் தம் பங்குக் கோவிலில் சிறுவர்களுக்கு ஞானோபதேசம் கற்பித்துவந்தார். படித்தவர்கள் விசுவாசத்தைப் பரிகசித்த காலம் அது. 1815-ல் தம் விசுவாசத்தை அவர் எழுத்திலேயே அறிக்கையிட்டார். 1827 மார்ச் 5-ந் தேதி கோமோவில் மரித்தார். மின் அழுத்தத்தின் அளவுக்கு அவர் பெயரை உலக விஞ்ஞானிகள் பாரீஸில் கூடி உறுதிசெய்தது 1881-ல்.