இரும்புக்கையை வரைந்த கை



இரும்புக்கை மாயாவியைத் தெரியாதவங்க நம்ம சங்கத்தில் குறைவுதான். ஆனா, அவரை வரைந்தது யாருன்னு கேட்டா பாதிப் பேர் முழிப்பாங்க. அவர் பெயர் ஹெசூஸ் பிளாஸ்கோ. உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் மாயாவி கதைகளைத் தேடிச் சேர்க்கிறவன் என்ற உரிமையில், அவரைப் பற்றிச் சில வார்த்தை எழுதுகிறேன்.

ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் 1919-ல் பிறந்தவர். பதினாறு வயதுக்குள்ளேயே அவர் படங்கள் பத்திரிகையில் வர ஆரம்பித்துவிட்டன. அடுத்த வருஷமே, 1936-ல், உள்நாட்டுப் போர் மூண்டது. மூணு வருஷம் நாடே ரணகளம். போர் ஓய்ந்த பின் 1940-களில் 'சிக்கோஸ்' என்ற சிறுவர் இதழில் அவர் வரைந்த கூட்டோ என்ற பையன், அந்த ஊர்ப் பிள்ளைகளின் செல்லமானான். பிளாஸ்கோ வீட்டில் தம்பிகளும் தங்கையும்கூட ஓவியர்கள். குடும்பமே சேர்ந்து, நம்ம ஊர்த் தறிக்குடும்பம் மாதிரி, வேலை பார்த்தது.

1962-ல் லண்டனில் 'வேலியண்ட்' வார இதழ் தொடங்கியபோது வந்ததுதான் இந்தக் கதை. கை இழந்த ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவருக்கு எஃகுக் கை. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், கை மட்டும் தெரியும். (நம்ம மெஷின்ஸ் லேபில் முயற்சி பண்ணாதீங்க, மறைவது வேறு மாதிரி ஆகிவிடும்!) நம்ப முடியாத இந்தக் கற்பனையை நம்ப வைத்தது அவர் தூரிகை போட்ட நிழலும் வெளிச்சமும்தான்.

காலண்டரும் பட்டாசு லேபிளும் அச்சடிக்கும் சிவகாசியில், சௌந்தரபாண்டியன் 1972-ல் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழே இரும்புக்கை மாயாவி. முல்லை தங்கராசன் ஆசிரியராக இருந்து அவரைத் தமிழ் பேச வைத்தார். பெரிய பத்திரிகை நிறுவனங்களின் பலம் இல்லாத ஒரு சின்னப் பதிப்பகம், பார்சிலோனாக்காரர் ஒருவரின் கோடுகளைப் பொள்ளாச்சி, கோபி பையன்களின் கையில் கொண்டுவந்து சேர்த்தது.

ஆனால் அந்தக் கால பிரிட்டிஷ் வார இதழ்களில் ஓவியர் பெயர் போடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. கதையில் உடம்பு மறைந்து கை மட்டும் தெரிந்தது. நிஜத்திலும் அதேதான் நடந்தது. கைவேலை ஊரெல்லாம் தெரிந்தது, ஆளைத் தெரியவில்லை. பிளாஸ்கோ 1995-ல் மறைந்தார்.

நாம் போடும் ஒவ்வொரு டிராயிங்கின் மூலையிலும் டைட்டில் பிளாக் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று கட்டங்கள் இருக்கும். சில இடங்களில் கடைசிக் கட்டம் மட்டும் நிரம்பி, முதல் கட்டம் காலியாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். தம்பிகளே, தங்கைகளே, நாளைக்கு ஒப்புதல் தரும் இடத்துக்கு நீங்க வருவீங்க. கையெழுத்துப் போடும் முன்னால் அந்த முதல் கட்டத்தை ஒரு தடவை பாருங்க.