மூச்சை எண்ணாக்கிய வரி வசூல்காரர்

வயிற்றுப்புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமி இருக்கா என்று பார்க்க, டாக்டர் ஒரு மருந்தைக் குடிக்க வைத்து உங்களைப் பையில் ஊதச் சொல்லலாம். சோதிப்பது உங்கள் மூச்சில் வரும் கரியமில வாயுவை. மூச்சை அளந்து உடம்புக்குள் நடப்பதைப் படிக்கும் இந்த வேலைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் லவாய்சியர்.

1743-ல் பாரிஸில் பிறந்தார். படித்தது சட்டம், பிடித்தது வேதியியல். 1768-ல், மன்னருக்காக வரி வசூலிக்கும் தனியார் குழுமத்தில் பங்கு வாங்கினார். ஆய்வுக்கூடச் செலவுக்குக் கைகொடுத்தது அந்த வருமானம்தான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு இருப்பதை ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் ஏற்கெனவே காட்டியிருந்தார். சரி, அது ஏன் வருது? 1782-83 குளிர்காலத்தில் லவாய்சியரும் லாப்லாஸும் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் ஒரு கினிப் பன்றியை வைத்தார்கள். உருகிய பனியின் எடையையும் அது வெளிவிட்ட வாயுவையும் கரி எரியும் கணக்கோடு ஒப்பிட்டார்கள். கிட்டத்தட்டப் பொருந்தியது. சுவாசமும் மெதுவாக நடக்கும் எரிதல்தான் என்று முடிவுக்கு வந்தார்கள். (நுரையீரலிலேயே எரிகிறது என்று நினைத்தது மட்டும் தப்பு.)

அடுத்து மனிதர். 1790 வாக்கில், உதவியாளர் செகுவன் முகமூடி வழியே சுவாசித்தபடி காலால் மிதியை அழுத்தினார். சாப்பிட்டால், குளிரில் இருந்தால், உழைத்தால் ஆக்சிஜன் செலவு கூடியது. மனைவி மேரி-ஆன் அந்தச் சோதனையைப் படமாக வரைந்தார். மேசையில் குறிப்பெடுப்பவராகத் தன்னையும் சேர்த்து.

புரட்சி அரசு வரிக்காரர்களை விடவில்லை. 1794 மே 8 அன்று விசாரணை, அன்றே கில்லட்டின். லவாய்சியருக்கு வயது 50. மேரி-ஆனின் அப்பாவுக்கும் அதே நாள்தான். கணவரின் கட்டுரைகளைப் பிறகு அவரே வெளியிட்டார்.